வியாழன் இருந்த இடம்

நல்ல சேதியோடு யார் அறைக்குள் நுழைந்தாலும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பாள்: "எங்க தப்புன்னு பாத்தியா?" அதனால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தப்பக்கா என்று பேர். அது அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. "பின்ன, தப்பில்லாத அக்கான்னா சொல்வாங்க?" என்பாள், சிரிக்காமல்.

உட்கார்ந்ததும் செருப்பை உதறிவிட்டுக் கால்களை நாற்காலிமேல் மடித்துக்கொள்வாள். தேநீர் ஆடை படிந்து கிடக்கும். பல்சார்களின் நேரம் பார்ப்பதுதான் வேலை. செத்துப்போன விண்மீன்களின் மிச்சம் அவை. சுழன்றபடியே கடிகாரம்போல ரேடியோத் துடிப்பு அனுப்புபவை. பிரபஞ்சம் பிறந்த சமயத்தில் எழுந்த அதிர்வலை இன்னும் விண்வெளியில் பரவிக்கொண்டிருந்தால், அதில் அந்தத் துடிப்புகள் இம்மி முந்தும், இம்மி பிந்தும். அதைப் பிடிக்க ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும்.

அவளுடைய கணவருக்கும் அங்கேதான் வேலை. குழந்தையைப் பற்றி யாராவது கேட்டால், "மொதல்ல அலை வரட்டும்" என்று வாயை அடைத்துவிடுவார். போன ஆண்டு அலை வந்தது. எல்லாத் துடிப்புகளும் சேர்ந்து அசைந்தன. கூடமே கைதட்டியது. அந்த மாதமே அவருக்குக் கணையத்தில் புற்று என்றார்கள் மருத்துவர்கள்.

அதை உலகுக்கு அறிவிக்கும் கட்டுரையைச் சரிபார்க்கும் பொறுப்பு அவளுடையது. வேறு யார் தலையிலாவது கட்டியிருக்கலாம், கட்டவில்லை. துடிப்பின் நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நடுப்புள்ளியிலிருந்து அளந்தாக வேண்டும். கணக்கில் பெரிய கோளான வியாழனைச் சற்றுப் பிசகாக வைத்தால் அந்தப் புள்ளி நகர்ந்துவிடும். கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்து அசைவதுபோலத் தோன்றும். அவள் வியாழனைச் சரியான இடத்தில் வைத்தாள். அலை காணாமல் போனது.

"அவர்கிட்ட இப்ப சொல்ல வேணாம்மா. நிம்மதியா போகட்டும்" என்று இயக்குநர் கெஞ்சினார். அவளும் தலையாட்டிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனாள்.

எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். "சரிபாத்துட்டியா? நெசந்தானே?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லைங்க. வியாழனோட எடம் பிசகியிருக்கு. அலை இல்ல."

"நல்லா பாத்தியா?"

"மாத்தி மாத்திப் பாத்துட்டேன்."

"கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்ல?" என்றார். அவர் கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவளிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அவள் எழுந்து, விலகிக் கிடந்த போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள்.