எட்டுத் தையல்காரிகளும் என் ரிஸ்க் பட்டியலும்

படித்ததை மறுநாளே செய்து பார்த்துவிட வேண்டும் எனக்கு. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த இரண்டாவது மாதமே, கையிலிருந்த பெரிய ஆர்டருக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று பட்டியல் போட உட்கார்ந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கரண்ட் கட், சாயத்தில் கலர் மாறுவது, நூல் தாமதம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, சமாளிக்கும் வழி. எல்லாம் ஆங்கிலத்தில், கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு.

விவரத்துக்காக மிஷின் மிஷினாகப் போய் நின்றேன். ஓவர்லாக் தைக்கும் ஒரு அக்காதான் மனம்விட்டுப் பேசினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரோடு சேர்த்து ஒரே ஊர்ப் பெண்கள் எட்டு பேர் அந்தத் தையல் லைனில்.

“தம்பி, அடுத்த மாசம் எங்க ஊர்ல அம்மன் கோயில் கொடை. எட்டு பேரும் பத்து நாள் போயிருவோம். கெளம்புத அன்னைக்குத்தான் சொல்லுவோம். முன்னாலயே சொன்னா விடமாட்டாவ. யார்ட்டயும் சொல்லிராதீய.”

யாரிடமும் சொல்லவில்லை. பட்டியலில் எழுதினேன். எதிரே வழியும் எழுதினேன்: அவர்கள் தைக்க வேண்டியதை முதலில் முடிக்கவைத்து, லீவு கொடுத்து அனுப்பலாம். பட்டியலிலேயே நல்ல யோசனை அதுதான் என்று எனக்கு ஒரே பெருமை.

“அட, எங்களுக்கே தெரியாததெல்லாம் எழுதீருக்கறயே கண்ணு!” என்று, நான் அச்செடுத்துக் கொடுத்த தாளைப் படித்த மேனேஜர் முதுகில் தட்டினார். குளிர்ந்துபோனேன்.

திங்கட்கிழமை காலை எட்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே அவர்களுடைய மிஷின்களில் புது ஆட்கள். மேனேஜரிடம் ஓடினேன்.

“லீவு குடுக்கலாம்னுதானுங்க சார் எழுதியிருந்தேன்!”

“ரிஸ்க்கைக் கண்டுபுடிக்கறது உன்ற வேலை. எடுத்து வீசறது என்ற வேலை. போ கண்ணு, ஷிப்மென்ட்டைப் பாரு.”

நம்பித்தானே அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தேன்! மேசையிலிருந்த அதே தாளை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

“ஒங்ககிட்ட மட்டுந்தான தம்பி சொன்னேன்” என்றார் அக்கா.

“படிச்ச புள்ளைல்லா, எழுதி வச்சிக்கிட்டாரு” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

நான் எழுதிய வழியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். லீவு என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் எழுதிருக்கு. பெறவு ஏன் தம்பி நாங்க வெளிய நிக்கோம்?”