கோர்ட்டில் மடித்த பன்னிரண்டு பெட்டிகள்

எண்பதுகளில் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தேன். பிஸ்கட் கடைகளுக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுப்போம். எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் உடம்பில் ஏதோ ஒரு குறை. எனக்கு இளம்பிள்ளை வாதத்தில் வலது கை சூம்பிப் போயிருந்தது. பக்கத்து நாற்காலி அக்காவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. எங்களால் மற்றவர்கள் அளவுக்கு வேலை செய்ய முடியாது என்று, சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கமே முதலாளிக்குக் கொடுத்துவந்தது.

இன்னொரு பட்டறைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. நாங்கள் முழு வேலையும் செய்கிறோம், முதலாளி சும்மா உதவிப்பணம் வாங்கி விலையைக் குறைக்கிறார் என்று வழக்குப் போட்டார். அது இரண்டு வருடம் இழுத்தது. தவணைக்குத் தவணை ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் கோர்ட்டுக்குப் போவோம், பெஞ்சில் உட்கார்ந்திருப்போம், அடுத்த தேதி வாங்கிக்கொண்டு திரும்புவோம். அலுத்துப் போயிற்று. ஆனால் உதவி நின்றால் வேலையும் போய்விடும். அக்காவை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

கடைசியில் நீதிபதி, எங்களில் ஒருவரைப் பெட்டி மடித்துக் காட்டச் சொன்னார். கை பார்க்கவே மோசமாக இருக்கிறது என்று எங்கள் வக்கீல் என்னைத் தேர்ந்தெடுத்தார். ஃபெரியில் முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"கோர்ட்ல மெதுவா மடி தங்கச்சி. ரெண்டு தடவ கீழ போட்டாலும் பரவால்லலா."

தலையாட்டினேன். அப்படித்தான் செய்வதாக இருந்தேன், சத்தியமாக. ஆனால் எங்கள் வக்கீல் எழுந்து, கத்தரிக்காய் வாங்குகிறவர் போல என் கையைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். பாவம், இதுகளால் என்ன செய்ய முடியும் என்று மலாயில் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது. பற்றிக்கொண்டு வந்தது. அட்டையை முழங்கையால் அழுத்தி, இடது கையால் மடித்து, மோவாயால் மூடியை இறுக்கினேன். மேசையில் வைத்திருந்த பன்னிரண்டு அட்டையும் தீரும்வரை நிறுத்தவில்லை. நிமிர்ந்தபோது முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்படி வேலை செய்கிறவர்களுக்கு உதவிப்பணம் எதற்கு என்று தீர்ப்பு வந்தது. என் ஒரு கையை வைத்து எட்டுப் பேரையும் அளந்துவிட்டார்கள். அக்கா ஒரு பெட்டி மடிக்கும் நேரத்தில் நான் நாலு மடிப்பேன். அதை அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலாளி இரண்டு மாதம் சமாளித்துப் பார்த்தார். பிறகு ஏழு பேரையும் நிறுத்திவிட்டு, என்னை மட்டும் வைத்துக்கொண்டார். கடைசி நாள் சாயங்காலம் அக்கா தன் நாற்காலியிலிருந்த சின்ன மெத்தையை எடுத்து, துழாவி என் மடியில் வைத்தார்.

"கோர்ட்ல நல்லா மடிச்சியாம். சொன்னாங்க. இத நீ வச்சுக்க, இனி நாள் முழுக்க நீதான உக்காரணும்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மெத்தையில் உட்கார்ந்து இன்னும் ஒன்பது வருடம் பெட்டி மடித்தேன்.