முன் காவுதடி

எங்கள் ஊர்க் கோயில் போர்த்துக்கேயர் கட்டியது. கடலோரப் பட்டினம். மேலைத்தெரு, கீழைத்தெரு என்று இரண்டு பக்கம். திருநாளில் அந்தோனியார் சிலையை, சுருவம் என்போம், மரக்கூட்டில் வைத்துத் தடிகள் கட்டித் தோளில் காவுவார்கள். முன் காவுதடி எந்தத் தெருவுக்கு என்பதில்தான் சண்டை. மண்டைகள் உடைந்திருக்கின்றன. கோயிலைப் பூட்டியும் இருக்கிறார்கள்.

அந்தச் சண்டை லண்டனுக்கும் வந்தது.

கோலியர்ஸ் வுட் பக்கம் ஒரு வெள்ளைக்காரச் சுவாமி தன் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு இடம் தந்தார். தொண்ணூறுகளில் ஒரு வருடம், தெருவில் சுருவம் சுற்றவும் விட்டார்.

என் மனுசனுக்கு விசா இல்லை. அப்பீலையும் தள்ளிவிட்டார்கள். பொலிசில் பிடிபட்டால் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் மன்னார் ஆள். எங்கள் தெருச் சண்டை அவருக்கு இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, காவப் போகாதையுங்கோ."

"நான் மெழுகுதிரியோட ஓரமா வாறன். நீர் பயப்படாதையும்."

மூலை திரும்பவில்லை, தொடங்கிவிட்டது. முன்தடி மேலைத்தெருவிடம் இருந்தது.

"மூலையில மாத்துறது எண்டுதானே கதை?" என்று கீழைத்தெருக்காரன் ஒருவன் மறித்தான்.

"உன்ர அப்பனே இதைத் தொட்டதில்லை. கோப்பை கழுவுற நீ தொடப்போறியோ?"

"நீ மட்டும் மகாராணியின்ர கோப்பையோ கழுவுறாய்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குள் அடி விழுந்தது. குடையால் அடித்தார்கள். பஸ் நின்றுவிட்டது. கடைக்காரன் ஷட்டரை இழுத்தான். பொலிஸ் வண்டிச் சத்தம் கேட்டது.

முன்தடிக்குச் சண்டை பிடித்தவர்கள் அதை விட்டுவிட்டு ஓடினார்கள். கூடு முன்னால் சரிந்தது. முன்னால் பூத் தூவி வந்த பிள்ளைகள் நின்றார்கள். என் மனுசன் மெழுகுதிரியை எறிந்துவிட்டுப் போய்த் தோள் கொடுத்தார்.

"ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

"விட்டா பிள்ளையளுக்கு மேல விழும்."

பொலிஸ் வந்தபோதும் தடி அவர் தோளில்தான் இருந்தது. கூட்டை இறக்கிவிட்டு அவரைக் கொண்டுபோனார்கள். விசா இல்லை என்று ஸ்டேஷனில் தெரிந்துபோனது.

தமிழ்ப் பூசை நின்றது. இரண்டு தெருவும் தனித்தனியாக வீட்டுக்கு வந்தது. "அவர் எங்கட ஆள், அக்கா" என்றார்கள், இரண்டு பக்கமும். தேத்தண்ணி கொடுத்தேன்.

அடைத்து வைத்த இடத்திலிருந்து போன் எடுத்தார்.

"பிள்ளையளுக்கு ஒண்டுமில்லையோ?"

"இல்லை."

"சுருவம்?"

"உடையேல்லை."

"அப்ப சரி."

பிறகு ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கியதைக் கண்டதாக, அதே பிளேனில் போன ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் ஒருவரும் இல்லை.