மண்டியிட்ட ஒரு நொடி

அடுத்த அறையில் ‘டொக்’ என்று ஏதோ தரையில் விழுந்து உருண்டது.

கட்டிலில் படுத்திருந்தவளின் வலக் கை, என்ன சத்தம் என்று யோசிக்கும் முன்பே இடுப்புக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. அவளுடைய துப்பாக்கி பதினாறு நாட்களாகக் காவல் நிலையத்தில் சீல் வைக்கப்பட்டுக் கிடக்கிறது. இடக் கையில் முப்பத்தொரு தையல்.

மறுபடியும் ‘டொக்’.

“என்னங்க பண்றீங்க அங்க?”

“உன் கோட்டப் பிரிக்கிறேன்.”

எழுந்து போய்ப் பார்த்தாள். கணவர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, அவளுடைய கறுப்புக் கோட்டின் ஓரத்தைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். தரையில் நான்கு ஈயக் குண்டுகள் கிடந்தன, மீன் வலையில் கட்டுகிற குண்டுகள். பதினோரு வருடங்களுக்கு முன் அவற்றை உள்ளே வைத்துத் தைத்தவரும் அவர்தான். ஓரம் கனமாக இருந்தால், கையை ஒரு வீசு வீசியதும் துணி பின்னால் ஒதுங்கும். துப்பாக்கியை எடுக்கும்போது சிக்காது.

“கறை போகலையா?”

“கறை போயிடுச்சு. என் பயம்தான் போகல. போதும்டி. ஊரான் உசுருக்கு நீ வேலியா நின்னது போதும்.”

பஸ் கம்பெனியில் அவளுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். வாயைத் திறக்க மாட்டாள், கதவைப் பூட்டாமல் விட மாட்டாள். முதலாளியம்மாவுக்கு மெய்க்காவலாகச் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் துப்பாக்கி வாங்கிய கதையைக் கேட்டால் இன்றும் கம்பெனி மேனேஜர் சிரிப்பார். ஆயுதக் கடையில் அவர் ஆசைப்பட்டது ஒரு முழ நீளத்தில் பளபளப்பான ஒன்று. “இதப் பாத்தாலே எவனும் ஓடிடுவான்மா!”

“ஓடலன்னா?” என்று கேட்டாள் அவள். “இதுல விசைக்கு என் விரல் எட்டல சார்.”

கடைக்காரர் அடுக்கிய ஏழில் இரண்டைத் தேர்ந்து, பயிற்சி மைதானத்தில் ஒவ்வொன்றிலும் இருநூறு ரவை சுட்டாள். ஒன்று பத்து தடவைக்கு ஒருமுறை சிக்கிக்கொண்டது. மற்றது சின்னது, அழுக்கு நிறம், பார்க்க ஒரு மரியாதையும் இல்லை. ஆனால் உள்ளங்கையில் அடங்கியது. இருநூறும் போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தன. “பொம்மைத் துப்பாக்கிக்கா இவ்ளோ அலசல்?” என்றார் மேனேஜர்.

வீட்டில் அதற்கென்று ஒரு மூலை உண்டு. மணல் நிரப்பிய டிரம் ஒன்றின் பக்கம் வாயைத் திருப்பி, முதலில் தோட்டாக்கள் அடுக்கிய ரவைக் கூட்டை எடுப்பாள். பிறகு மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, குழலுக்குள் தங்கிய ரவையை வெளியே தள்ளுவாள். கண்ணால் பார்ப்பாள். கண்ணை நம்பாமல் சுண்டு விரலை விட்டுத் தடவியும் பார்ப்பாள். அவளோடு பயிற்சி எடுத்த ஒருவன் கூட்டை மட்டும் எடுத்துவிட்டு, “காலியா இருக்கு, பாரு” என்று விளையாட்டாகத் தங்கையின் பக்கம் நீட்டினான். உள்ளே ஒன்று மிச்சம் இருந்தது. அந்தச் சுவரைக் கழுவும்போது இவளும் கூட நின்றாள். அன்றிலிருந்து அவள் சுண்டு விரல் மறந்ததில்லை.

வாசல் மணி அடித்தது.

முதலாளியம்மா வந்திருந்தாள். இடக் காதிலிருந்து தாடை வரை வெள்ளைக் கட்டு. பின்னால் ஒரு தடியன், முன்வயிற்றில் பெரிய துப்பாக்கியைச் செருகியபடி.

“உக்காருங்கம்மா,” என்றாள் பூட்டு.

“உக்கார வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன்டி அன்னைக்கு லேட் பண்ணே?”

அந்தக் காலை வேளை இருவருக்கும் முன்னால் வந்து நின்றது.

பயணச்சீட்டு ஹாலில் கூட்டம். முதலாளியம்மா கணக்கர் மேசையருகே நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய கொழுந்தன் கூலி கொடுத்து அனுப்பிய ஆள் வரிசையிலிருந்துதான் பிரிந்து வந்தான். கையில் சுருட்டிய செய்தித்தாள். தாள் உதிர்ந்தது, உள்ளே முழங்கை நீளக் கத்தி.

பூட்டு முதலாளியம்மாவைப் பின்னால் தள்ளி இடக் கையை நீட்டினாள். முதல் வெட்டு அதில் இறங்கி எலும்பில் நின்றது. வலக் கை கோட்டை வீசியது. ஈயக் குண்டுகள் துணியை இழுத்துக்கொண்டு போயின. துப்பாக்கி வெளியே வந்தது. கத்தியை அவன் எலும்பிலிருந்து பிடுங்கியபோது ரத்தம் அவள் கண்ணில் தெறித்தது.

“சுடு! சுடுடி!” என்று அலறினாள் முதலாளியம்மா.

அவன் நெஞ்சு மூன்றடி தூரத்தில் இருந்தது. அந்த நெஞ்சுக்கு நேர் பின்னால் வரிசை. பச்சைச் சேலைக்காரி ஒருத்தி, இடுப்புக் குழந்தையோடு நகர முடியாமல் விறைத்து நின்றாள். இந்தத் தூரத்தில் குண்டு ஓர் உடம்போடு நிற்காது.

பூட்டு மண்டியிட்டாள். துப்பாக்கியின் வாய் கூரையைப் பார்க்கும்படி ஏறியது. அதற்கு ஆனது ஒரே நொடி. அந்த நொடியில் கத்தி அவள் தலைக்கு மேலே போய் முதலாளியம்மாவின் கன்னத்தைப் பிளந்தது.

பிறகுதான் இரண்டு முறை சுட்டாள். விலாவில் நுழைந்த குண்டுகள் தோளைப் பிய்த்துக்கொண்டு கூரையில் போய்ப் புதைந்தன. காரை உதிர்ந்தது. அவன் அவள் மேலேயே சரிந்தான். விழுந்த பிறகும் கத்தியை ஓங்கினான். மணிக்கட்டை முழங்காலால் அழுத்தி முறித்தாள். கத்தியைக் காலால் தள்ளி, துப்பாக்கியை உறையில் போட்டு, அதே கையால் அவன் தோள் ஓட்டையைப் பொத்தினாள். விரல்களுக்கிடையே ரத்தம் ஊற்றாகப் பொங்கியது. “தண்ணி,” என்றான் அவன். யாரோ கொண்டுவந்த தண்ணீர் அவன் வாயிலிருந்து சிவப்பாக வழிந்தது. அவள் மடியிலேயே அவன் கண் நிலைகுத்தி நின்றது. தன் கைக்குள் ஓர் உயிர் துடித்து அடங்கியதை அவள் அன்று முதல் தூக்கத்திலும் உணர்கிறாள்.

“உங்களுக்குப் பின்னாடிதான்மா சுவர் இருந்துச்சு. அவனுக்குப் பின்னாடி சனம்,” என்றாள் பூட்டு.

“அதுக்கு?” முதலாளியம்மாவின் குரல் உடைந்தது. “இந்த மூஞ்சியப் பாத்து என் பேத்தி வீல்னு கத்துறா. கிட்டவே வர மாட்டேங்குறா. நான் சம்பளம் கொடுத்தது எனக்காகவா, எவளோ ஒருத்திக்காகவா?”

“உங்களுக்காகத்தான்.”

“சரி, பழசு போகட்டும். பெரிய துப்பாக்கி வாங்கித் தர்றேன். திரும்ப வா. ஒரே ஒரு வாக்குக் கொடு. அடுத்த தடவ பின்னாடி யார் நின்னாலும் பாக்கக் கூடாது.”

பதினோரு வருடச் சோறு அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. கணவர் பிளேடைப் பிடித்தபடி மனைவியையே பார்த்தார். வேலையை விடு என்று சொன்ன மனிதர்தான். ஆனாலும் அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தார்.

பூட்டு முதலாளியம்மாவின் கட்டைத் தொட்டாள். கண்ணீர் அவளை அறியாமல் இறங்கியது.

“அந்த ஒரு நொடிக்கு உங்க கன்னம்தான் விலைன்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சேதான் மண்டி போட்டேன். அதுக்கு உங்க கால்ல விழச் சொன்னாலும் விழறேன். ஆனா நாளைக்கே அவன் எழுந்து வந்தாலும் மறுபடி மண்டி போட்டுட்டுதான் சுடுவேன்.”

“அப்ப நீ எனக்கு வேண்டாம்.”

“சரிம்மா.”

“ஆளா கிடைக்காது? இதோ, கிடைச்சாச்சே!”

தடியன் நெஞ்சை நிமிர்த்தினான். துப்பாக்கியை உருவி, ஒரு விரலை விசையில் வைத்து லேசாக ஆட்டிக்காட்டினான். அதன் வாய் முதலாளியம்மாவின் முழங்காலைப் பார்த்தபடி ஆடியது.

“அண்ணே,” என்றாள் பூட்டு, “அது விசிறி இல்ல.”

கணவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. தடியன் முகம் சிவக்க அதை மீண்டும் வயிற்றில் செருகினான். விசையிலிருந்து விரல் வெளியே வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

“ஒண்ணு மட்டும் கேளுங்கம்மா,” என்றாள் பூட்டு மெல்ல. “கார்ல இவருக்கு முன்னாடி உக்காராதீங்க. இவர் உக்காந்தா அதோட வாய் முன்சீட்டத்தான் பாக்கும்.”

முதலாளியம்மா விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். படி இறங்கும்போது தடியன் அவளுக்கு இடப்பக்கம் வந்தான். அவள் நின்றாள். அவன் வயிற்றை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு அவனுக்குப் பின்னால் போய், இரண்டு அடி தள்ளி நடந்தாள்.

கார் கிளம்பும் வரை பூட்டு பார்த்துக்கொண்டே நின்றாள். கணவர் குனிந்து நான்கு ஈயக் குண்டுகளையும் பொறுக்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்; எறியவில்லை. நல்ல கையால் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். வழக்கம்போல ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.