ஹாரன் சத்தமும் என் பத்து விரல்களும்

முப்பத்தாறு வயதில் பி.எட். சேர்ந்தேன். கற்றல் கோட்பாடுகள் என்ற பாடம் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறிய நாய், கூண்டுக்குள் முட்டி மோதிய பூனை, குச்சியால் பழத்தை இழுத்த குரங்கு என்று ஒரு மிருகக்காட்சி சாலையையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதே மாதம் எல்.எல்.ஆர். வாங்கி ஸ்கூட்டரும் பழகத் தொடங்கினேன்.

சொல்லிக்கொடுத்தவள் எதிர்வீட்டுக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். திருவொற்றியூரில் கடை கடையாக இட்லி மாவு பாக்கெட் போடுபவள்.

முதல் இரண்டு நாள் விம்கோ நகர்ப் பக்கம் ஒரு காலி மனையில் விழுந்து எழுந்தேன். மூன்றாம் நாள் ரோட்டுக்கு வந்தோம். பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்ததும் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து, பின்னால் இருந்த அவளையும் சேர்த்து வண்டியைச் சாய்த்தேன். அன்று இப்படியே நாலு முறை.

மாலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு ஹாரன். கத்தி கீழே விழ, என் பத்து விரல்களும் வெறும் காற்றை இறுக்கிப் பிடித்தன! கைகளையே பார்த்தபடி நின்றேன். பிறகு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

“நான்தான் அந்த நாய்!”

“இன்னாக்கா ஆச்சு? எந்த நாயி?”

மணியடித்து மணியடித்துச் சோறு போட்டார்கள், கடைசியில் சோறு இல்லாமலே மணிச் சத்தத்துக்கே அதற்கு எச்சில் ஊறியது, எனக்கும் ஹாரனோடு பயம் ஒட்டிக்கொண்டது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். மாவுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தவள், “அப்ப ஹாரன் அடிச்சும் ஒண்ணும் ஆவலன்னா, பயம் தன்னால பூடும்ல?” என்றாள்.

எனக்குப் புல்லரித்தது. புத்தகம் இரண்டு பக்கம் எழுதியிருந்ததை இவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்!

மறுநாள் ரோட்டோரம் ஸ்டாண்டு போட்டு என்னை வண்டிமேல் சும்மா உட்காரவைத்தாள். லாரிகள் ஹாரன் அடித்தபடி போய்க்கொண்டேயிருந்தன. ஒரு மணி நேரத்தில் விரல்கள் தளர்ந்தன. ஓட்டத் தொடங்கினேன். வண்டி மட்டும் இன்னும் வளைந்து வளைந்து போனது.

“முன்சக்கரத்தையே இன்னாத்துக்கு பாத்துகினு கீற? அது எங்கியும் பூடாது. தூரமா பாரு!”

தலையை நிமிர்த்தினேன். அந்த நொடியே வண்டி நேரானது. பழத்தை எட்டிய அந்தக் குரங்குக்கும் இப்படித்தான் பளிச்சென்று பிடிபட்டிருக்க வேண்டும். கத்தினேன், பின்னால் அவளும் கத்தினாள். எண்ணூர் தாண்டி முகத்துவாரக்குப்பம்வரை நிறுத்தவே இல்லை. அதற்குமேல் கடல்தான்.

“சரிக்கா, திருப்பு.”

“திருப்புறது எப்படி?”

அதை இன்னும் பழகவில்லை என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, இறங்கி இரண்டு பேருமாக வண்டியைத் தள்ளித் திருப்பினோம்.