ஒரு வாரத்தில் கற்கக்கூடிய ஆடல்

சென்ற செவ்வாய்க்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறிய ஒருவர், தம் பெயரைச் சொல்லுமுன் என் முகத்தை உற்றுப் பார்த்தார். கிளேபாங் பக்கம் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவர். சைக்கிள் திருட்டு வழக்கொன்றில் சாட்சி. உறுதிமொழியை நான் தமிழில் சொல்லவேண்டும், அவர் திருப்பிச் சொல்லவேண்டும். அவரோ வேறொன்று சொன்னார்.

"நீங்க அந்தச் சாச்சா வாத்தியார்தானே?"

புதிய வாசகர்களுக்கு ஒரு சொல். நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். கூண்டில் நிற்பவர் தமிழில் எதைச் சொன்னாலும் — இருமலைத் தவிர — அதை ஆங்கிலத்தில் நீதிபதிக்கு உரைப்பது என் கடமை. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, விழுங்கக் கூடாது. இருபத்தாறு ஆண்டுகளாக எதையும் விழுங்கியதில்லை. அன்று ஒன்றே ஒன்றை விழுங்கலாமா என்று எண்ணிப் பார்த்தேன்... தொண்டை இடம் தரவில்லை.

"மொழிபெயர்ப்பாளர், சாச்சாச்சா என்னும் ஆடலைக் கற்பிக்கும் ஆசிரியர்தானா என்று சாட்சி வினவுகிறார்" என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அதற்கு விடை என்ன?" என்றார்.

அந்த அறையில் நீதிபதி என்னைப் பற்றியே கேட்ட முதற் கேள்வி அது. சொந்த விடையை எம்மொழியில் தொடங்குவது என்றே எனக்கு விளங்கவில்லை. முதலில் தமிழில் "ஆம்" என்றேன். பிறகு என்னை நானே மொழிபெயர்த்தேன்.

பாதி உண்மை வெளிவந்தாயிற்று. மீதியையும் சொல்லிவிடுவதுதானே முறை? அந்த மீதி, வாசகர்களே, ஞாயிறு இதழில் நான் எழுதிவரும் இப்பத்தியைப் பற்றியது.

ஒன்றேகால் ஆண்டுக்கு முன் நம் ஊர் முழுவதும் இந்த ஆடற்பித்துப் பரவியிருந்தது. காப்பிக்கடை வானொலியில் அதே தாளம். திருமண வரவேற்பிலும் அதே தாளம். நான் சினந்து இவ்விடத்தில் எழுதினேன்: "ஓரெழுத்தை மும்முறை சொன்னால் அது பெயராகிவிடுமா? மூளையுள்ள எவரும் ஒரு வாரத்தில் கற்றுவிடக்கூடிய ஒன்றைக் கலை என்று அழைப்பதும் தகுமா?"

எழுதி முடித்தபோது என்மீது எனக்கே மதிப்புக் கூடியது.

காஜா பெராங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் காசிம் நானா, ஞாயிறுதோறும் இப்பத்தியைக் கடையில் உரக்க வாசிப்பார். அருகிலுள்ள கம்போங் செட்டிக் குடியிருப்புக்காரர்களும் அங்கே வருவார்கள். அவர்கள் பெயர் நம் பெயர். கும்பிடும் கோயில் நம் கோயில். பேசுவது மட்டும் மலாய். ஆகவே நானா வரிக்கு வரி மலாயில் பெயர்த்துச் சொல்வார். அவருக்கு என்னைப்போல் உறுதிமொழி கிடையாது. காரம் கூட்டியே சொல்வார்.

அந்த ஞாயிறு கேட்டுக்கொண்டு நின்றவர்களுள் ஒருவர் கோபால். கம்போங் செட்டியின் தையற்காரர். பகலெல்லாம் கால்சட்டை தைப்பார். மாலை ஐந்து மணிக்குத் தையல் இயந்திரத்தை ஓரந்தள்ளிவிட்டு, அதே கூடத்தில் சாச்சாச்சா கற்பிப்பார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் பத்துக்குள் அடங்கும். அவற்றுள் மரியாதையானதைத் தேர்ந்தெடுத்து விளித்தார்.

"ஐயா, ஒரு வாரம் போதுமா?" என்று மலாயில் கேட்டார்.

தாராளமாகப் போதும் என்றேன்.

அப்படியானால் நாளையே வாருங்கள் என்றார். ஒரு வாரத்தில் நான் ஆடிவிட்டால் அவர் வகுப்பை மூடிவிடுவார். ஆடாவிட்டால், எழுதியது தவறு என்று எழுதிய இடத்திலேயே நான் எழுதவேண்டும். "போலே?" என்று கேட்டு, முடியுமா முடியாதா என்பதுபோல் தலையைச் சாய்த்தார்.

இங்கே ஒன்றை விளக்கவேண்டும். பத்தாண்டுக்கு மேலாக வரும் இப்பத்தியில் திருத்தம் என்ற ஒன்று வெளியானதே இல்லை. அச்சுப்பிழை நேர்ந்த வாரங்களில்கூட, வாசகர்கள் அதில் ஆழ்பொருள் கண்டு பாராட்டி எழுதினார்கள், நான் மறுத்ததில்லை. அந்தப் புகழை ஒரு தையற்காரரின் கூடத்தில் பணயம் வைப்பதா? வைத்தேன். ஏழே நாள்தானே...

இருவராக ஆடவேண்டிய ஆடல் என்பதால் என் துணைவி மங்களமும் உடன் வந்தார். தையற் சுண்ணக்கட்டியால் சிமெந்துத் தரையில் பாதங்களை வரைந்து எண்ணிட்டிருந்தார் கோபால். இரண்டு நிதான அடி, மூன்று விரைவடி. அவ்வளவுதான். குனிந்து, அந்தப் பாதங்களை ஓர் ஆவணத்தைப்போல் படித்துப் படித்துக் கால் வைத்தேன். "ஜாங்கான் தெங்கொ காக்கி" என்பார் கோபால் — காலைப் பார்க்காதே என்று பொருள். காலைப் பார்க்காவிட்டால் அது எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்? இதை அவரிடம் கேட்டேன். அவர் வாயில் ஊசிகள் இருந்தமையால் விடை கிடைக்கவில்லை.

ஏழாம் நாள் மங்களம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை பிசகாமல் ஆடினார். வகுப்பே கைதட்டியது. என் பக்கம் திரும்பிய கோபால் மட்டும் தணிந்த குரலில், "சாலா லாகி, ஐயா" என்றார். மீண்டும் தவறு.

வீடு திரும்பும் வழியில் எனக்கொரு சட்ட நுணுக்கம் தோன்றிற்று. ஒரு வாரத்தில் கற்கலாம் என்பதுதானே என் கூற்று? அதைத்தான் மங்களமே மெய்ப்பித்துவிட்டாரே. நாளை கோபாலிடம் இதை வாதாடப் போவதாகச் சொன்னேன்.

"சொல்லுங்க" என்றார் மங்களம். "மூளையுள்ள எவரும்னுதானே எழுதியிருந்தீங்க?"

அவ்வாக்கியத்தின் முழுப்பொருளும் எனக்கு விளங்குவதற்குள் வீட்டு வாசல் வந்துவிட்டது. வாதாடவில்லை.

ஒத்திவைப்புக் கேட்டேன். நீதிமன்றத்தில் பழகியவனுக்கு வேறென்ன தெரியும்? முதல் ஒத்திவைப்பு முழங்கால் வலிக்காக. இரண்டாவது மழைக்காக. மூன்றாவது, புதுக் காலணி கடித்ததற்காக. அதற்குப் பின்னவற்றுக்குக் காரணம் சொல்லவே நாணினேன், கோபாலும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் தலையசைத்தார். நான் கண்ட நீதிபதிகளுள் அவரைப்போல் பொறுமைசாலி எவருமிலர். இறுதியில் அவரே நாள் குறித்தார்: முதல் வகுப்பிலிருந்து ஒன்பதாம் மாதம் வரும் விடுதலை நாளின் இரண்டாம் ஆண்டு விழா மாலை, கம்போங் செட்டித் திடலில், மேடையில் ஐந்து இணைகள். ஐந்தாவது இணை நாங்கள். இனி ஒத்திவைப்பு இல்லை.

அதற்குள் அடிகளைப் பிழையின்றிக் கற்றிருந்தேன். ஆயினும் எங்கோ ஒன்று உதைத்தது. கோபால் ஒரு மாலை முழுவதும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். காலும் சரி, இடமும் சரி, நேரம்தான் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். எல்லா அடியும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகின்றன. ஆனால் எப்போதும் ஒரே அளவு பின்னால். "சட்டையில் ஒரு கை ஓர் அங்குலம் நீளம் என்றால் வெட்டிவிடுவேன், ஐயா. இதை எங்கே வெட்டுவது?" என்று மனம் நொந்தார்.

நோயைக் கண்டறிந்தவர் மங்களம்தாம்.

"நீங்க கோர்ட்டுல செய்யிறதைத்தான் இங்கயும் செய்யிறீங்க. பாட்டு பேசி முடிக்கட்டும்னு நிக்கிறீங்க. அது முடிச்ச பொறகுதான் உங்க வாய் தொறக்கும்... கால் நகரும்."

பழக்கம் விடவில்லை. அதையும் கூட்டாமல் குறைக்காமல் மலாயில் பெயர்த்துக் கோபாலிடம் ஒப்பித்தேன். அவர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"பாட்டைக் கேக்காதீங்க" என்றார் மங்களம். "என்னைப் பாருங்க. நான் வாயைத் தொறக்கிறதுக்கு முன்னாடியே பதில் சொல்ற ஆளுதானே நீங்க?"

உண்மை. சாட்சி பேசி முடிக்கும்வரை நான் காத்திருக்கவேண்டும். மனைவிக்கு அந்த விதி இல்லை. அவர் அரிசிப் பானையை ஒருமுறை எட்டிப் பார்த்தால், நான் பையை எடுத்துக்கொண்டு நானா கடைக்குப் புறப்பட்டிருப்பேன். முப்பதாண்டுத் தேர்ச்சி. ஆகவே பாட்டை அடியோடு மறந்தேன். மங்களத்தின் இடப்புருவம் உயர்ந்தால் இடப்பக்கம். உதடு மடிந்தால் பின்னடி. மூக்கு விடைத்தால் சுழற்சி. என் கால்கள் முதன்முறையாகத் தாளத்தில் விழுந்தன. இந்த ஆடலில் ஆடவர் வழிநடத்த, பெண்டிர் பின்தொடர்வர் என்பது விதி. பார்த்தவர்கள் அனைவரும் நான் வழிநடத்துவதாகவே நம்பினார்கள். நானும் சில நாள் நம்பினேன்.

விழா மாலை வந்தது. செங் ஊரிலிருந்து என் மைத்துனர் குடும்பம் வந்திருந்தது. என் அலுவலகச் சேவகர் முன்வரிசையில் இருந்தார். ஒலிவாங்கிக்கு முன் ஒரு கிராமபோன். அதற்குச் சாவி கொடுக்கும் பொறுப்பைக் காசிம் நானா தாமாகவே ஏற்றிருந்தார். பாட்டுத் தொடங்கியது. புருவம் உயர்ந்தது. ஆடினோம்.

பாதிப் பாட்டில், வாயைப் பிளந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த நானா சாவியை மறந்துவிட்டார். பாட்டு இழுத்தது. பாடியவர் குரல் மெல்ல மெல்ல எருமைக் குரலாயிற்று. மற்ற நான்கு இணைகளும், பாவம், தாளத்தை மதிப்பவர்கள். சேற்றில் கால் புதைந்தவர்களைப்போல் மெதுவாகி, மெதுவாகி... நின்றேவிட்டார்கள்.

நான் நிற்கவில்லை. பாட்டு நின்றதே எனக்குத் தெரியாது! எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு புருவம், அது நிற்கவில்லை.

கோபால் மேடையோரத்தில் கைதட்டித் தாளம் கொடுத்தார். திடல் முழுவதும் சேர்ந்து தட்டியது. அந்தத் தட்டலிலேயே ஆடி முடித்து, வணங்கி, நிமிர்ந்த பிறகுதான் கிராமபோன் ஊமையாயிருப்பதைக் கண்டேன். இசையே இல்லாமல் தாளம் பிசகாத மனிதர் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. பாட்டு நின்றதும் நீ ஏன் நிற்கவில்லை என்று மங்களத்தை அன்றே வினவினேன்.

"நின்னிருந்தா, நீங்க மறுபடி ஆரம்பிக்க இன்னும் ஒன்பது மாசம் ஆகும்லா."

அதன்பின் நான் ஆசிரியனான கதை சிறிது. தம் பாடம் ஏறாத கணவர்களைக் கோபால் என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு வந்த அதே நோய் என்றார். ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழில் காலில் ஒட்டியிருந்தது. காவல்துறைச் சார்ஜன் சாச்சாச்சாவை அணிவகுப்பாக நடந்தார். அஞ்சலக எழுத்தர் ஒவ்வோர் அடியையும் முத்திரையாகக் குத்தினார். எல்லாருக்கும் ஒரே பாடம்: தரையைப் பாராதீர், பாட்டைக் கேளாதீர், மனைவியைப் பாரும். மணமாகாத ஒருவர் வந்தார். மணம் முடித்து வருக என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு எந்தச் சங்கக் கூட்டத்தில் எந்தத் தலைவர் கம்பீரமாக முன்னடி எடுத்து வைத்தாலும், அவர் கண் எந்த வரிசையில் உள்ள எந்தப் புருவத்தின்மேல் இருக்கிறது என்றுதான் தேடுகிறேன். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுகிறேன்.

ஆனால் கோபால் என்னிடம் திருத்தத்தைப்பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மேடையிலிருந்து நான் இறங்கியபோது, "நன்றாக இருந்தது, ஐயா. ஒன்பது மாதம்" என்றார், அவ்வளவே. ஞாயிறுதோறும் நானா கடைக்கு வந்து, பத்தியைக் கடைசி வரி வரை கேட்பாராம். சென்ற ஞாயிறு நானும் அங்கிருந்தேன். வாசித்து முடித்ததும் கோபால், "பெலும்?" என்று கேட்டார் — இன்னும் இல்லையா என்று. நானா உதட்டைப் பிதுக்கினார். கோபால் நூற்கண்டை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போனார். அந்தப் புன்னகை இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள்தான் அந்தச் சாட்சி கூண்டேறினார்.

ஆகவே, இப்பத்தியின் வரலாற்றில் முதன்முறையாக:

"மூளையுள்ள எவரும் ஒரு வாரத்தில்" என்று முன்பு இங்கு வெளியானதை, "மூளையுள்ள எவரும் ஒன்பது மாதத்தில்" என்று திருத்தி வாசிக்குமாறு வேண்டுகிறேன். கலை என்பதும் தகும். தவறு என்னுடையது.

எழுதிய தாளை மங்களம் வாங்கிப் பார்த்தார். "ஒரு வாரம் சரியாத்தான் இருக்கு. திருத்த வேண்டியது அந்த முதல் சொல்லைத்தான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

காசிம் நானா, இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மலாயில் பெயர்க்க வேண்டா.