மூன்று இடங்களில் வைத்த ஒப்பாரி

அழித்துவிட்டேன் என்று ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அதை அழிக்க முடியாது என்று தெரிந்தே சொன்னேன்.

அவள் டயகம தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். சின்ன வயதில் என்னிடம் படித்தவள். புருஷன் செத்தபோது அவள் பாடிய ஒப்பாரியை அவளிடம் அனுமதி கேட்காமலே போனில் பதிந்துகொண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து தோட்டத்துப் பாட்டுகளைத் திரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அவற்றை எங்கே சேமிப்பது என்று பார்ப்பது என் பொறுப்பு. ஒரே கம்பெனியை நம்பாமல் பல நாட்டுக் கணினிகளில் பிரித்து வைத்து, யாரும் திருத்த முடியாத பொதுப் பேரேடான பிளாக்செயினில் பதிவு வைக்கும் சேவைகள் மூன்றை எடுத்துக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஒப்பாரியையே மூன்றிலும் ஏற்றினேன்.

முதலாவதில் தவணைக்கு இடம் எடுக்க வேண்டும், புதுப்பிக்காவிட்டால் போய்விடும். இரண்டாவது ஏற்றும்போதே சாவி போட்டுப் பூட்டிக்கொள்ளும், வேண்டாமென்றால் நீக்கலாம். மூன்றாவதில் ஒருமுறை கட்டணம் கட்டினால் என்றைக்கும் இருக்கும். அந்த ‘என்றைக்கும்’தான் என்னை மயக்கியது. ஏற்றியவனாலும் எடுக்க முடியாது என்பது குறையாகவே படவில்லை. யாரும் கேட்கட்டும் என்று பூட்டாமல் ஏற்றினேன். பூட்டியிருந்தால் சாவியைத் தொலைத்தாவது அதை ஊமையாக்கியிருக்கலாம்.

பெருமையாகப் போய் அவளிடம் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. சொந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவள் என்று நாத்தனாரை அந்த ஒப்பாரியில் தாறுமாறாக ஏசியிருந்தாள். இப்போது அந்த நாத்தனாரின் மகனுக்கே தன் மகளைப் பேசியிருக்கிறாள். கொழும்பில் வேலை செய்யும் பையன் சாவுக்கு வரவில்லை.

“அவன் காதுல விழுந்தா, எங்கம்மாவ இப்படியா ஏசுனீங்கன்னு கல்யாணமே வேணாம்பான் சேர். அழிச்சிருங்க.”

முதல் இரண்டிலிருந்தும் போய்விட்டது. மூன்றாவதற்கு, எங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்த இணைப்பை மட்டும் எடுக்க முடிந்தது. “அழிச்சிட்டேம்மா” என்றேன்.

பரிசம் போடும் நாள் நெருங்க, எனக்குத் தூக்கம் போயிற்று. அக்கரப்பத்தனையில் பஸ் பிடித்து டயகமவுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாத்தனார் வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அண்ணி, சேர் ஒண்ணு சொல்லணுமாம். சொல்லுங்க சேர்.”

சொன்னேன். நாத்தனார் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

“நான் பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன்? ஒப்பாரியில நாத்தனார ஏசாம வேற யார ஏசுவா? எங்கம்மா செத்தப்ப நான் இவள ஏசுனேனே, அத ஏன் சேர் பதியல?”

இருவரும் சிரித்தார்கள். பிறகு நாத்தனாரின் குரல் இறங்கியது.

“ஆஸ்பத்திரிக்கு நான் போகாதது நெசந்தானே. மகனுக்கு அத அனுப்பிக் குடுங்க சேர். லீவு கெடைக்கலன்னு மாமன் சாவுக்கு வராதவன், கேக்கட்டும்.”

அனுப்பினேன். மற்றப் பாட்டுகளுக்கும் பாடியவர்களைத் தேடிப் போய்ச் சம்மதம் கேட்டோம். சம்மதித்தவர்களுடையதை மட்டும் இரண்டாவது சேவையில் வைத்தோம். அந்த ஒப்பாரி மட்டும் இன்னும் மூன்றாவதில் இருக்கிறது. அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பரிசத்தன்று பையன் வந்தான். உள்ளே நுழைந்ததும் நேரே மாமன் படத்துக்கு முன்னால் போய்க் கும்பிட்டான். அப்புறம் ஒப்பாரி பாடிய அத்தையிடம் திரும்பி, “பசிக்குது அத்த” என்றான். அவள் அவசரமாக இலையைப் போட்டாள். அன்றைக்கு நானும் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.